பொன்னிக்கு ஒரு வரன்

நான் பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பம் எதிலும் இதுவரை ஒரு எழுத்துகூடத் தப்பானதில்லை, மேடம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் குப்பத்துப் பெண்கள் நர்சிங் படிப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். இந்த வருஷம் என் மகள் பிரபாவுக்கும் நானே போட்டேன். பக்கத்து வீட்டு நீலமேகம் மகள் பொன்னிக்கும் நானே போட்டேன்.

பொன்னிக்கு அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டது. பிரபா காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். அரை மார்க்தான் வித்தியாசம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். வெள்ளிக்கிழமைக்குள் பொன்னி போய்ச் சேராவிட்டால் அந்த இடம் பிரபாவுக்கு வரும்.

விண்ணப்பத்தில் பொன்னியின் பிறந்த தேதியை ஒரு எண் மாற்றிப் போட்டிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். தொழிலில் அந்தக் கெட்ட புத்தி எனக்குக் கிடையாது. அதனால் அவளுக்கு ஒரு வரன் பார்த்தேன்.

என் ஒன்றுவிட்ட அக்கா மகன் சுதாகர். கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள்; நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். வேலை நிரந்தரம் என்றேன், குடிக்க மாட்டான் என்றேன்.

நீலமேகம் தயங்கினார். "இன்னா வச்சலா, நர்சு படிக்கணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. பதினெட்டு வயசும் இன்னும் ரொம்பலியே."

"படிப்பு எங்க ஓடிப்போவுது அண்ணாத்த? கட்டிக்கினு அப்பால படிக்கட்டும். ரெண்டு மாசம் கொறையறத யாரு எண்ணிக்கினு கீறாங்க?"

வியாழக்கிழமை பரிசம் போட்டார்கள். பரிசம் போட்ட பெண் தாலி ஏறும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் காலை பொன்னி சர்டிபிகேட் பையோடு கிளம்பி நின்றபோது, அதை அவள் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். கைப்பிடித்து உள்ளே இழுத்தது அவள் அம்மா, நானல்ல. பொன்னி அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன்.

திங்கள் காலை பிரபா கல்லூரியில் சேர்ந்தாள். அன்று சாயங்காலமே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, பதினேழு வயசுப் பெண்ணுக்குப் புதன்கிழமை கல்யாணம் என்று தகவல் கொடுத்தேன். ஆமாம் மேடம், பேர் சொல்லாமல் பேசியது நான்தான். நம்பரை வைத்து நீங்கள்தான் கண்டுபிடித்துவிட்டீர்களே. முகூர்த்தத்துக்கு முன்பே ஜீப் வந்து நின்றது, கல்யாணமும் நின்றது. ஒரு குடிகாரனிடமிருந்து பச்சைப் பிள்ளை தப்பித்தாள். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு நாள் முன்பே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பொன்னி நேராகக் கல்லூரிக்கு அல்லவா போயிருப்பாள். அப்புறம் நான் யாரைக் காப்பாற்றுவது?