காணிப் புரோக்கருக்கே புரோக்கர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சாய்ந்தமருதைத் தாண்டும்போது யன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "மச்சி, காணிப் புரோக்கருக்கே நான் புரோக்கராயிட்டன்."

"என்ன கத புள்ள இது?"

"எல்லாரும் நூத்துக்கு மூணு வீதம் கமிஷன் கேக்கக்குள்ள நான் ஒரு வீதத்துக்குத் தொடங்கினனே. சந்தியடிப் புரோக்கர், பொம்புளைக்கு இது சரிவராதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார்."

"ஓம், எங்கட வாப்பாக்கிட்டயும் சொன்னவர்."

"போன மாசம் அவரே வந்து, தன்ட வளவுக் காணிய வித்துத் தாங்க எண்டார். மகளுக்குக் கலியாணமாம், வீடு கட்டிக் குடுக்கணுமாம்."

"அவர்ட வளவ விக்க அவருக்குத் தெரியாதா?"

"புரோக்கரே தன்ட காணிய வித்தா, அதில ஏதோ வில்லங்கம் இருக்கெண்டு ஆக்கள் பயப்படுறாங்களாம். நான் காணி உறுதிப் பத்திரத்த விரிச்சுக் காட்டினன். ஒரு டீச்சர் புடிச்சுக்கிட்டா. இண்டைக்கு நொத்தாரிசிட்ட உறுதி எழுத்து. அதுக்குத்தான் போறன்."

"அல்ஹம்துலில்லாஹ். அவர்ட்ட மூணு வீதமே கேட்டிருக்கலாமே."

"நானும் யோசிச்சன். மகள்ட வீடெண்டாரே, மனசு வரல்ல. இத ஊருக்குள்ள ஆருக்கும் சொல்லிடாதீங்க எண்டு மட்டும் கேட்டார்."

மச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

நிந்தவூரில் இறங்க எழுந்த ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் குனிந்தார்.

"மகள், எனக்கும் ஒரு வளவு கிடக்கு. உங்கட நம்பரத் தாங்க."