குட்டிக்கு வராத அழைப்புகள்

சுயவிவரம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். குட்டி கொண்டுவந்து நீட்டியது நான்கு பக்கம். ஏழாம் வகுப்பு ஓவியப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசுகூட அதில் இருந்தது.

"வேலை குடுக்கப்போறவன் உன்னைத் தத்தெடுக்கவா போறான்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று பக்கத்தை வெட்டித் தள்ளினேன். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

குட்டி என் சித்தி மகள். நான் படித்த இதே பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். தங்கியதும் என் அறையில்தான். படிப்பு முடிந்தால் வேலை தேட ஒரு வருடம். அதற்குள் விசாவுக்குக் கையெழுத்துப் போட ஒரு நிறுவனம் சிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைத் தினமும் ஒப்பிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நீதாம்மா அவளைப் பாத்துக்கணும்" என்றார் சித்தி. பார்த்துக்கொண்டேன். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தேன். எந்தெந்த நிறுவனம் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் என்று பட்டியல் போட்டுத் தந்தேன். நேர்காணலில் உட்கார்ந்ததும் விசாவைப் பற்றி வாயைத் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

விண்ணப்பம் அனுப்பிய ஒன்பதாம் நாளே முதல் அழைப்பு வந்துவிட்டது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. வியாழக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், மன்னிக்கவும் என்றேன். மிகவும் பணிவாகத்தான் பேசினேன். அவள் பெயரைக் கெடுக்கவில்லை.

அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்தே எல்லாரும் கூப்பிடுவார்களா? அதனால் சுயவிவரத்தில் இருந்த எண்ணை மாற்றி, என் இரண்டாவது ஃபோன் எண்ணைப் போட்டேன். எழுத்துப்பிழையைப் பத்துத் தடவை தேடுகிறவர்கள்கூடத் தங்கள் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. அவளுடைய மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்ததும் நான்தான். அங்கே வந்ததையும் வடிகட்டினேன்.

மொத்தம் ஆறு அழைப்புகள். நான்காவது, குடிநீர் சுத்திகரிப்பு நிறுவனம். அவளுடைய ஆய்வறிக்கையைப் படித்திருந்தார்கள். விசா எங்கள் பொறுப்பு, வந்தால் போதும் என்றார்கள். அவசரப்படக் கூடாது என்று ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று மறுத்தேன்.

"அக்கா, என் ஃபோன் ரிப்பேரா இருக்குமோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

என் ஃபோனிலிருந்து அடித்துப் பார்த்தேன். அவள் கையிலேயே மணி அடித்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

மணி நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கண்ணாடி முன்னால் நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பழகுவதை மெல்ல மெல்ல நிறுத்தினாள். சாப்பிடும்போது, "நான் எதுக்குமே லாயக்கில்லக்கா" என்று ஏதோ உப்புக் குறைகிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வாள். பத்தாம் மாதம் பெட்டியைக் கட்டிவிட்டாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டக்கா" என்றாள்.

இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். வீட்டில் யார் ஃபோன் அடித்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று சித்தி அழுகிறார். நல்ல மருத்துவராகப் பார்த்துக் காட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

போன வாரம் உங்கள் வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்த அந்தக் குடிநீர் நிறுவன அம்மா, அந்தப் பெண் எங்கே சேர்ந்தாள் என்று உங்களிடம் விசாரிக்காமல் இருந்திருந்தால், நாம் இப்படி எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார வேண்டி வந்திருக்காது.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். எனக்கு வேலை கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. இருநூற்றுப் பதினேழு விண்ணப்பங்கள். அவளுக்கு ஒன்பது நாள். சும்மா கிடைத்தால் அருமை தெரியாது என்று ஒரு அக்கா நினைக்கக் கூடாதா? அவள் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. பதினொரு மாதம் முடிந்த மறுநாள் எண்ணைத் திருத்திக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நாள்காட்டியில் வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தேன். அவள்தான் பொறுமையில்லாமல் விமானம் ஏறிவிட்டாள்.