சர்வேயர் வாங்குன எடம்

இல்ல தம்பி, சேரை அங்கன போடாதீங்க. இங்கிட்டு, கேட்டை ஒட்டி இழுத்துப் போடுங்க. வெயில் அடிக்கும்தான், செத்த நேரம் பொறுத்துக்கங்க. ஒரு காரணமாத்தான் சொல்றேன். உள்ள போயி உக்காரலாமேன்னா, உள்ள வீட்டுக்காரி இருக்கா. அவ காதுல விழாமப் பேசுவோம். காபி வரும். இப்ப அவகிட்டப் பேசுனது சௌராஷ்டிரா, எங்க வீட்டு பாஷை. ஒங்களுக்கு சீனி கம்மியாப் போடவான்னு கேட்டா, அம்புட்டுத்தான்.

எங்கேருந்து வாரீங்க, ஆனையூரா? சொந்த வீடா? வாடகை. அதானே. வாடகை வீட்டுல இருக்கவனுக்கு மல அடிவாரத்துல காத்தோட ஒரு எடத்தக் காட்டுனா மனசு கெடந்து அடிச்சிக்கத்தான் செய்யும். எனக்கும் அடிச்சுச்சு. நாகமலை புதுக்கோட்டையில பஸ்ஸ விட்டு எறங்கி இங்கன வந்து நின்னேன் பாருங்க, இந்தா பின்னாடி தெரியுதே மல, சாயங்காலமானா அது நெழலு வந்து வாசல்ல விழும். ஃபேனே வேணாம் தம்பி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பக்கத்து எடத்தப் பாத்துட்டீங்கள்ல? புரோக்கரு என்ன சொன்னான்? சும்மா சொல்லுங்க. ஃபாரஸ்ட் சர்வேயரே பக்கத்துல வீடு கட்டி இருக்காரு, இதுக்கு மேல என்ன கியாரண்டின்னு சொன்னானா? ம். அதேதான். இந்தத் தெருவுல அம்புட்டுப் பேருகிட்டயும் அதத்தான் சொல்லிருக்கான். எதுத்தாப்புல உள்ளவங்கள விடுங்க, எங்க வரிசையில வாத்தியாரு வாங்குனதும், கண்டக்டரு வாங்குனதும் எம் பேரச் சொல்லித்தான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சு பெருமையாத்தான் இருந்துச்சு. காலையில வாக்கிங் போனா ஆளாளுக்கு சார் வணக்கம், சார் வணக்கம்னு. நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவேன். இப்பக் கொஞ்ச நாளா வாக்கிங் போறதில்ல.

சுகரெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.

வேலையா? வேலை என்ன, காடு எங்க முடியுது, பட்டா நெலம் எங்க ஆரம்பிக்குதுன்னு அளந்து சொல்றதுதான். முன்னாடி சங்கிலி, இப்ப மெஷினு. முக்காலி மேல ஏத்தி நிறுத்துனா சாட்டிலைட்டுகிட்டப் பேசி எடத்தச் சொல்லிரும். ஆனா எல்லாப் பக்கமும் இன்னும் மெஷினு வரல. வராத எடத்துல கல்லுதான். பழைய ஆளுங்க இருக்காங்களே, வெவரமானவங்க. எல்லைக்கல்லு நடும்போது அடியில ரெண்டு கூடை கரியக் கொட்டித்தான் நடுவாங்க. எதுக்குன்னு கேளுங்க. கல்லப் புடுங்கித் தள்ளி நடுறவன் கரிய அள்ளிட்டுப் போகமாட்டான். கரி அங்கனயே கெடக்கும். மக்காது, செல்லரிக்காது. எத்தன வருசம் கழிச்சுத் தோண்டுனாலும் கல்லு மொதல்ல எங்க இருந்துச்சுன்னு காட்டிக் குடுத்துரும். கல்லு பொய் சொல்லும், கரி பொய் சொல்லாதுன்னு ஊரு ஊராப் போயி வசனம் பேசிருக்கேன் தம்பி.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வெவசாயி. அவரு தென்னமரம் கொஞ்சம் காட்டு எல்லைக்குள்ள நின்னுச்சு. அவரு வச்சதுகூட இல்ல, அவங்க அப்பா வச்சது. அந்த மனுசன் கல்லக் காட்டுறாரு. நான் மம்பட்டிய வாங்கி வேற எடத்துல தோண்டிக் கரியக் காட்டுனேன். பாத்துட்டு சரின்னுட்டாரு. போறதுக்கு முன்னாடி தாகத்துக்குக் குடிச்சிட்டுப் போங்க சார்னு, போகப்போற அதே மரத்துல ஏறி எளநி வெட்டிக் குடுத்தாரு. நானும் வெக்கமில்லாம குடிச்சேன். குடிச்சு முடிக்கவும் மெதுவாக் கேக்குறாரு, சார் ஒங்க வீட்ட அளந்துட்டீங்களான்னு. கூட வந்த ஃபாரஸ்ட் கார்டு சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சேன். நல்லா வாய்விட்டுச் சிரிச்சேன். அத நெனச்சா இப்ப சோறு எறங்க மாட்டேங்குது.

நீங்களும் அதத்தான கேக்க வாரீங்க? கேக்கணும். கேக்குறதுதான் நியாயம்.

அளக்கல தம்பி.

நம்ப முடியலைல? பையில டேப்பு இருந்துச்சு. இருந்தும் எடுக்கல. ஏன்னா எடத்த வித்தது என் மச்சான். வீட்டுக்காரியோட கூடப் பெறந்த அண்ணன். அதான் மெதுவாப் பேசச் சொன்னேன். தட்டுல வெத்தல பாக்கு, பழம், மேல பத்திரம்னு வச்சு, மாப்ள நல்லா இருங்கன்னு நீட்டுறாரு. அந்த நேரத்துல நான் டேப்ப விரிச்சா என்ன அர்த்தம்? ஒன்னய நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆகாதா? பொண்ணெடுத்த வீட்டுல அதுக்கப்பறம் கை நனைக்க முடியுமா? பின்னாடி மூலையில ஒரு எல்லைக்கல்லு நின்னுச்சு. அதத் தூரத்துலேருந்து பாத்தேன், கல்லு இருக்கு, சரின்னு விட்டுட்டேன். ஊரான் நெலத்துல சாணு சாணா அளக்குறவன், மச்சான் முன்னாடி கூச்சப்பட்டுக்கிட்டு நின்னுட்டேன்.

இந்தா காபி. வச்சிட்டுப் போ ஹம்சா, நான் எடுத்துக் குடுக்குறேன். போயிட்டாளா? சூடு ஆறதுக்குள்ள குடிங்க.

பக்கத்து எடத்துக்காரியப் பாத்தீங்களா? இன்னும் பாக்கல. தங்கப்பொண்ணுன்னு பேரு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல பூக் கட்டி விக்கிற பொம்பள. கழுத்துல காதுல கெடந்ததெல்லாம் போட்டுத்தான் அந்த எடத்த வாங்குனா. வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்தா. அண்ணே நீங்க வாங்கிருக்கீங்கள்ல, அப்ப நானும் வாங்கலாம்லன்னு கேட்டா. தாராளமா வாங்கும்மான்னு சொன்னது இந்த வாய்தான். இப்ப அவ புருசன் அழகுபாண்டி, லோடு ஏத்துறவரு, லாரியிலருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கெடக்காரு. ஆபரேசன் பண்ணுனாத்தான் எந்திரிப்பாரு. அதுக்குத்தான் விக்கிறா. நேத்து வந்தா. அண்ணே, பார்ட்டி நாளைக்கு வருது, ஒங்க வாயால ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும்ணேன்னா. நானும் தலையாட்டித் தொலைச்சேன். போகும்போது ஹம்சா கையில மல்லிகைப்பூவத் திணிச்சிட்டுப் போறா. காசக் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டா.

அட, கொழப்பல தம்பி. அங்கதான் வாரேன்.

நீங்க உள்ள வந்ததும் அந்த ரோஜாச் செடியப் பாத்து, இம்புட்டுப் பூத்திருக்கே, என்னா ஒரம் போடுறீங்கன்னு கேட்டீங்க. நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். போன மாசம் தண்ணிக் குழாய் போட இந்த வாசல்ல குழி தோண்டுனோம். கூலிக்கு ஆளு வரல, நானே மம்பட்டியப் புடிச்சேன். முழங்கால் ஆழம்கூட போகல. ஹம்சா எட்டிப் பாத்துட்டு, அட கரி, ரோஜாவுக்கு நல்லதாச்சேன்னு அள்ளி அள்ளித் தொட்டியில போட்டா. அந்தக் காலத்துல யாரோ இங்கன அடுப்பு மூட்டிருப்பாங்க போலன்னு அவளே சொல்லிக்கிட்டா. நான் ஆமாம்மான்னேன்.

ரெண்டு கூடை இருந்துச்சு தம்பி.

நீங்க மொதல்ல சேரைப் போடப் போனீங்களே, அந்த எடந்தான். பின்னாடி நிக்கிற கல்லு எவனோ மலைப் பக்கமா ஏத்தி நட்ட கல்லு. மச்சானுக்கும் தெரியாது, அவரத் திட்டி என்ன செய்ய, தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான். கரி இருந்த எடத்துலேருந்து மலைப் பக்கம் இந்த வீடு, தங்கப்பொண்ணு எடம், வாத்தியாரு வீடு, எங்க வரிசை பூராம் காடு. கேட்டை ஒட்டி நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அந்த ஒரு சேரு அளவுதான் இந்த வீட்டுல எனக்குச் சொந்தம்.

யாருக்குமே தெரியாது. ஹம்சாவுக்கும் தெரியாது. மெஷினு இந்தப் பக்கம் வர இன்னும் நாளாகும். அதுக்குள்ள நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க வாங்கிருவீங்க, அழகுபாண்டி எந்திரிச்சு நடந்துருவாரு. அப்பறம் நீங்க நடுத்தெருவுல நிப்பீங்க. நேத்துப் பூரா அந்த வார்த்தைய வாய்க்குள்ளயே போட்டு குதப்பிக்கிட்டு இருந்தேன். இப்பக்கூட, நீங்க வந்து கேட்டத் தெறக்கும்போதுகூட, என்ன சொல்லப் போறேன்னு சத்தியமா எனக்கே தெரியாது.

எந்திரிக்காதீங்க. தயவு செஞ்சு உக்காருங்க. அந்தா வாரா பாருங்க, கூடையோட, அதான் தங்கப்பொண்ணு. நீங்க பக்கத்து எடத்தப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே, பார்ட்டி வந்திருக்கு வாம்மான்னு நான்தான் போன் போட்டேன். அவகிட்டத் தனியா சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல தம்பி. ஆபீசுல போயிச் சொல்றதுக்கு முன்னாடி இவகிட்டச் சொல்லிரணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல இருந்தாப் போதும்.

ஹம்சா! நீயும் வெளிய வா. ஆமா, சத்தமாத்தான் பேசுறேன். நீயும் கேளு.

வாம்மா தங்கப்பொண்ணு. இல்ல, பூவ அவ கையில குடுக்காத. இன்னைக்குக் காச வாங்கிட்டுக் குடு.