மயிலத்தில் இறக்கிய முடி

"ஹலோ... சொல்லு பூர்ணிமா. ஆமா ஆமா, வீட்லதான் இருக்கேன். புள்ள ஒதைக்குதா?... அடி சக்க! ஏழு மாசத்துலயே இந்த ஆட்டமா!"

அரியாங்குப்பத்து வீட்டில் தீபலட்சுமி ஒரு கையில் ஃபோனும் மறு கையில் உரித்த சின்ன வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தாள். தம்பி பொண்டாட்டியின் குரல் கேட்டதுமே, ஆளில்லாத வீட்டில் தலைத்துணியை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். அந்தக் கைக்கு இப்போதெல்லாம் வேறு வேலையே கிடையாது.

"வளகாப்புக்கு வராம இருப்பனா... மொத வளையலா? நானா? ஐயோ, வேற யாராச்சும் மூத்தவங்கள... இல்லல்ல, கோவமெல்லாம் இல்லடி... ஒங்கம்மா பட்டுப்பொடவ எடுத்துட்டாங்களா? எனக்கா? எதுக்கு?"

எதுக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன! போன ஆடியில் மயிலம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாத பூர்ணிமாவுக்காக வேண்டிக்கொண்டதாக ஊரெல்லாம் சொன்னாள். மூன்றே மாதத்தில் பூர்ணிமாவுக்கு நாள் தள்ளிப்போனது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு தீபலட்சுமி பாதி சாமி. முடி மட்டும் வளரவில்லை. கேட்டவர்களிடம், சுகப்பிரசவத்துக்காக இரண்டாவது மொட்டை என்று இன்னொரு புளுகு.

"என்னது?... நீயா?... மயிலத்துலயா? ஏய் ஏய், இரு... ஒனக்கு இடுப்பு வரைக்கும் முடிடி! புள்ள பொறந்ததும் மொட்ட போடுறன்னு வேண்டிக்கப் போறியா?... மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சிட்டியா? இன்னும் இல்லியே?... அண்ணிக்கே முடி வளரல, எனக்கு மட்டும் எதுக்குன்னா?... போதும் பூர்ணிமா. வேணாம். நான் சொல்றதக் கேளு."

வெங்காயம் கைநழுவி உருண்டு ஓடியது.

"நான் ஒனக்காக வேண்டிக்கல... ஆமா. பொய்யிதான்... முடி அதுவா கொட்டிச்சிடி. மொத பின்னந்தலையில ரூவாக் காசு அகலத்துக்கு, அப்புறம் காதுக்கு மேல... கொண்டையப் போட்டு மறச்சிப் பாத்தேன், முடியல. மொட்ட போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு போனேன். மொட்ட போடுறவரு, யாருக்கும்மா வேண்டுதல்னாரு. வாய்க்கு வந்தது ஒம் பேரு... நீ ஆறு வருசமா அழுத அழுகைய நான் என் தலைக்கு முக்காடாப் போட்டுக்கிட்டேன்டி."

இவ்வளவு சொன்னவளுக்கு, ஊரில் அந்த நோய்க்கு வழங்கும் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

"ஹலோ... பூர்ணிமா?... இருக்கியா?"

தீபலட்சுமி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இப்படிக் காத்திருப்பதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"...ம். கதிர்காமம் பெரியாஸ்பத்திரிலதான் காட்டுறேன்... ஒடம்புல நோயோட சண்ட போடுறதுன்னு ஒண்ணு இருக்காம். அது தப்பா முடி வேரயே எதிரின்னு நெனச்சி அடிக்குதாம். வெங்காயமெல்லாம் தேய்க்காதன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கல... ஒட்டாது, ஒட்டாது! ஒம் புள்ளைக்கு ஒண்ணும் வராது, அத நல்லா கேட்டுட்டேன்... வளரலாம், திரும்பவும் கொட்டலாம்னாங்க... தலையிலயேதான் ஊசி போடுவாங்க... என்ன கேட்ட?... வலிக்குமாவா?"

இத்தனை மாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க விட்டால்தானே.

"...வலிக்கும்டி. ரொம்ப வலிக்கும்... அழாத, வயித்துப் புள்ளையோட அழாத. திட்டு, நல்லாத் திட்டு... சரி... சரி சரி... மொட்ட மட்டும் வேணாம். என் பொய்யிக்கு நீ முடி குடுக்காத... யாரு, ஒங்கம்மாவா? பக்கத்துல வந்துட்டாங்களா? ஏன் அழறன்னு கேக்கறாங்களா?... இல்ல, நீ மழுப்பாத. ஃபோன அவங்ககிட்ட குடு... குடுன்றேன்ல."

தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டாள். ஃபேன் காற்று வெறும் தலையில் நேராகப் பட்டது.

"அத்த... நான்தான். நல்லாருக்கேன்... பொடவ இருக்கட்டும் அத்த, மொதல்ல இதக் கேட்டுக்குங்க. மயிலத்துல நான் எறக்குனது வேண்டுதல் முடி இல்ல. எனக்கு... எனக்குத் தலையில புழுவெட்டு அத்த... ஆமா. புழுவெட்டு... ஹலோ?... அத்த?... ஹலோ?"

லைன் போய்விட்டது. அவர்கள் வைத்தார்களா, தானாகக் கட்டானதா, தெரியவில்லை. மடியில் கிடந்த துணியைத் தொடாமல், தீபலட்சுமி மறுபடியும் அதே நம்பரைப் போட்டாள்.