சண்டை என்று பொறித்த பட்டை

பசுக்களைக் கறந்துவிட்டுத்தான் வந்தேன், சார்ஜென்ட். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும்; அவை என்ன பாவம் செய்தன?

என் கணவன் ஃபீலிமை ஊரெல்லாம் தேட வேண்டாம். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, நாணல் பக்கம் கிடக்கிறான்.

அந்தப் பாலத்தில்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், விடுதலைப் போரின்போது, பிரிட்டிஷ் ராணுவ லாரியை மறித்தோம். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் துப்பாக்கிகளை ஒளித்துக் கொண்டுபோனவள் நான். எங்கள் ஆள் ஒருவன் குண்டடிபட்டு விழுந்ததும், அவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டவளும் நான்தான். ஃபீலிம் அன்றைக்குக் காய்ச்சல் என்று போர்வைக்குள் சுருண்டிருந்தான். பயம் யாருக்குத்தான் இல்லை என்று நானே அவனைத் தேற்றினேன். பிறகு கல்யாணமும் செய்துகொண்டேன்.

இந்த வருடம் அயர்லாந்து அரசாங்கம் பழைய போராளிகளுக்குப் பதக்கம் கொடுத்தது. துப்பாக்கி பிடித்து நின்றவர்களுக்கு மட்டும் நாடாவின் மேல் ‘சண்டை’ என்று ஐரிஷில் பொறித்த ஒரு பட்டை. எங்களோடு நின்றவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஃபீலிம் என் கதையைத் தன் கதையாகச் சொல்லிவிட்டான். பட்டை அவனுக்கு. எனக்கு வெறும் பதக்கம்.

அதையும் பொறுத்தேன். இன்று தேவாலயப் பூசைக்கு அந்தப் பட்டையோடு பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு வந்தான். கோட்டுக்கு நானே பிரஷ் போட்டுக் கொடுத்தேன். பூசை முடிந்து மதுக்கடைக்குப் போனோம். மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் உட்காரும் இடத்தில் நான்.

"உன் பொண்டாட்டிக்கும் ஒண்ணு குடுத்தாங்களாமே, ஃபீலிம்?" என்றான் கடைக்காரன் கியூசாக்.

"குடுக்காம இருப்பாங்களா? நாங்க சுட்டுட்டு வந்தா டீ போட்டுக் குடுத்தவளாச்சே!"

கடையே சிரித்தது.

திரும்பும் வழியில் பாலத்தில் நின்று, எங்கே படுத்துச் சுட்டாய், காட்டு என்றேன்.

"இப்ப எதுக்குடி அது? சரி, வா" என்று தள்ளாடிக்கொண்டே இறங்கினான். "இதோ, இங்கதான். பாத்துக்கோ." தண்ணீரோரம் குப்புறப் படுத்துக் காட்டினான்.

அங்கிருந்து பார்த்தால் லாரி வந்த பாதையே கண்ணில் படாது, சார்ஜென்ட்.

முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினேன்.

நான் கோபக்காரி இல்லை. ஊரைக் கேளுங்கள். உண்மையை ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மூச்சுக்குத் தலையைத் தூக்கியபோதெல்லாம் அவன் அதைத்தான் சொன்னான். "நீதான், டீலியா... நீதான் சுட்டே... எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்..."

தெளிவாகவே கேட்டது. மறுபடி அழுத்தினேன். பொய்யன் பேச்சை எப்படி நம்புவது?