இன்னா கொழம்பு?

தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது. சங்கராபுரம் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "நான் வேட்பாளர பாத்து ஓட்டு போட மாட்டேன்டி. அவரு டிரைவர பாத்துதான் போடுவேன்."

கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"இன்னாக்கா சொல்ற?"

"அவரு வூடு வூடா கும்புட்டுக்கினு போவாரு. நான் நேரா வண்டிகிட்ட போயி, 'தம்பி, சாப்டியா?'ன்னு டிரைவர கேப்பேன். காலையிலேர்ந்து அவர மலையெல்லாம் வண்டியில இட்டுக்கினு சுத்துன ஆளு. அவனயே பட்டினி போட்டா, அஞ்சு வருஷம் நம்மள இன்னா பாப்பாரு?"

"எல்லா டிரைவரும் சாப்டேன்னே சொன்னா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"இன்னா கொழம்புன்னு கேப்பேன்."