எது என்று காட்டு

என் கையெழுத்து தெளிவானது. மாம்புரிக் கரையில் மீனவர் சங்கத்தின் பதிவேட்டை இரண்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஓரிடத்திலும் அடித்தல் இல்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் எழுத எனக்குத் துணிவு வராது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது, வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்றதும் அதனால்தான்.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தளத்தில் மாலை வகுப்பொன்றில் தருக்கம் படிக்கிறேன். எண்களைப் பற்றிப் பேச அங்கே இரண்டு மொழிகள். ஒன்று கண்டிப்பானது; நிரூபித்ததை மட்டுமே சொல்லும். அதில் "ஓர் எண் உண்டு" என்று சொன்னால், எந்த எண் என்று காட்ட முடிய வேண்டும். மற்றது தாராளமானது. எதையும் சொல்லும், நிரூபிக்கக் கூடியதற்கு முன்னால் மட்டும் "அறியலாம்" என்று ஒரு சின்னப் பெட்டி வரையும். முதல் மொழியை இரண்டாவதற்குப் பெயர்த்தால் ஒன்றும் தவறிப் போகாது என்று காட்ட நான் மூன்று மாதம் உழைத்தேன்.

போன சனிக்கிழமை அதை ரிப்கான் உடைத்தான். அவனும் எங்கள் கரைக்காரன். ஒன்பதாம் படகு அவனுடையது. காலையில் கடல், மாலையில் வகுப்பு. "ஓர் எண் உண்டு" என்பதை நான் "ஓர் எண் உண்டு என்று அறியலாம்" என்று பெயர்த்திருந்தேன். "இதுதான் என்று அறியக்கூடிய ஓர் எண் உண்டு" என வர வேண்டுமாம். பெட்டி இடம் மாறிவிட்டதாம்.

"ஸஹ்றா, சட்டிக்குள்ள மீன் ஈக்குது எண்டுறாய். என்ன மீனெண்டு கேட்டா மூடியத் தொறக்க மாட்டேங்கிறாய். இப்பிடி ஆணம் காய்ச்சினா ஆரு தின்னுற?"

வகுப்பே சிரித்தது. படிப்பிக்கும் சேரும் சிரித்தார். செவ்வாய்க்கிழமை ரிப்கானே திருத்திப் பலகையில் எழுதட்டும் என்றார்.

"எது எண்டு காட்டு. புறகு உண்டு எண்டு சொல்லு" என்றான் ரிப்கான், என்னைப் பார்த்து. அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்காரரும் தன் எண் எழுதிய தகரத் தகட்டைச் சங்கக் கொட்டிலில் ஆணியில் மாட்டுவார். திரும்பியதும் கழற்றிக்கொண்டு போவார். பன்னிரண்டு மணிக்கும் ஒரு தகடு மிஞ்சினால் நான் கடற்படைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். செவ்வாயன்று பதினான்கு போயின. பதின்மூன்று வந்தன. கழித்தால் ஒன்று வரும். ஆனால் கழித்தலில் வருவது எண்ணிக்கை. எந்தப் படகு என்று கழித்தல் காட்டாது. காட்ட முடியாததை உண்டு என்று சொல்லக் கூடாது. இது என் விதியல்ல, ரிப்கானின் விதி.

ஒரு மணிக்கு அவனுடைய உம்மா, அலீமா மாமி வந்தார்.

"மகள், போட்டெல்லாம் வந்திட்டா?"

"வரல்லயெண்டு காட்டுறத்துக்கு ஒண்டுமில்ல, மாமி."

அவர் சுவரைப் பார்த்தார். ஆணிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப இவன் சோறும் தின்னாம வகுப்புக்கு ஓடிட்டான். கண்டா நல்லா ஏசிவிடு."

"ஓம் மாமி."

நான் சொன்னது ஒன்று, அவர் பெயர்த்துக்கொண்டது இன்னொன்று. அந்தப் பெயர்ப்புப் பிழைக்கு நான் பொறுப்பில்லை.

மாலை வகுப்பில் ரிப்கான் எங்கே என்று சேர் கேட்டார். தெரியாது என்றேன். பலகையில் நானே எழுதினேன், பெட்டியைச் சரியான இடத்தில் போட்டு. ஒருவரும் பிழை காணவில்லை.

புதன் பின்னேரம் கவிழ்ந்த படகையும் அவனையும் கண்டெடுத்தார்கள். அன்று காலைவரை படகைப் பிடித்தபடி உயிரோடு இருந்திருப்பான் என்றார் வைத்தியர். இருந்திருப்பான் என்பது நிரூபணமல்ல.

என் பதிவேட்டில் ஒரு பொய்யைக் காட்டுங்கள். "போனவை பதினான்கு. வராதது எதுவும் காட்டப்படவில்லை." அவ்வளவுதான் இருக்கிறது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

நீங்கள் தேடும் தகடு என் வகுப்புக் கொப்பிக்குள் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆணியிலிருந்து எடுத்தேன். எடுக்கும் முன் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஒன்பது.